பட்டறிந்தவர் காதல்: மலாக்காத் தோட்டங்களிலும் நகரங்களிலும்

முதிர்ந்த காதல் என்பது முதியோர் காதலை மட்டும் குறிக்கும் சொல் அன்று. வாழ்ந்து பார்த்த இருவர், அல்லது இருவரில் ஒருவரேனும் வாழ்ந்து பார்த்தவர், அந்தப் பழைய வாழ்வை ஒளிக்காமல் கையோடு கொண்டுவந்து தொடங்கும் உறவு அது. கணவனை இழந்தவள், மனைவியை இழந்தவன், மணவிலக்குப் பெற்றவர், தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நாற்பதில் தனியாக நிற்பவர், தன்னைவிட மூத்த பெண்ணை விரும்பும் ஆண் எனப் பலரும் இதில் அடங்குவர். மலாக்கா மாநிலத்துத் தமிழரிடையே இவ்வகை உறவுகள் புதியவை அல்ல. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளில், மூன்று தலைமுறைக்கு முன்பே அவை இருந்தன, ஊரறிய இருந்தன. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தபோது அவற்றின் மதிப்புத்தான் குறைந்தது. அந்தக் குறைவை முன்னேற்றம் என்று கொள்வதற்கில்லை.

முதிர்ச்சி, பட்டறிவு, பக்குவம் மூன்றும் ஒன்றல்ல. முதிர்ச்சி காலத்தால் வருவது. பட்டறிவு பட்டதனால் வருவது. இவை இரண்டும் ஒருவரிடம் கூடி, அடுத்தவரை நோகடிக்காத நடத்தையாக மாறும்போதுதான் பக்குவம் என்கிறோம். முதல் இரண்டும் இருந்தும் மூன்றாவது வாய்க்காதவர் எல்லா ஊரிலும் உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கன்று நட்டு இத்தனை ஆண்டு ஆயிற்று என்பதற்காக ஒரு மரத்தைப் பாலுக்காக வெட்டத் தொடங்குவதில்லை. தண்டைச் சுற்றி அளந்து பார்க்கிறார்கள். குறித்த உயரத்தில் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டரை எட்டினால்தான் மரம் வெட்டுக்குத் தயார். நல்ல மண்ணில் ஐந்தாறு ஆண்டில் எட்டும். மெலிந்த மண்ணில் கூடுதலாகச் சில ஆண்டு பிடிக்கும். சீவி எடுத்த பட்டை மீண்டும் வளர்ந்து, சில ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி பால் தரும். கத்தி ஆழப் பாய்ந்து கட்டையைத் தொட்ட இடத்தில் மட்டும் முண்டும் முடிச்சும் நிற்கும். மலாயாவில் ரப்பர் முதன்முதலாக வணிகத் தோட்டமானது மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கி, பிறகு புக்கிட் ஆசகானில் விரித்தார். அந்த மண்ணில் பால்மரம் சீவிய தமிழர், எந்தக் காயம் ஆறும், எது முடிச்சாக நின்றுவிடும் என்பதை நாள்தோறும் கையால் தொட்டு அறிந்தவர்கள்.

இலக்கணமும் இதற்கு மாறாகப் பேசவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டிய ஒப்புமைகள் பத்து என்று கூறுகிறது. அந்தப் பத்தில் ஆண்டும், அதாவது வயதும், ஒன்று. நிறை, அருள், உணர்வு என்ற மூன்றும் அதே பட்டியலில் உள்ளன. இவை மூன்றும் வாழ வாழக் கூடுபவை. கற்பியலின் இறுதிப் பகுதி இன்னும் தெளிவானது. வேட்கை நிறைந்து தணிந்த பிற்காலத்தில், மக்களும் சுற்றமும் சூழ, கணவனும் மனைவியும் சிறந்ததைப் பயில்வதே அதுவரை வாழ்ந்த வாழ்வின் பயன் என்று அது முடிக்கிறது. இல்லற இன்பத்தின் முடிமணியை இளமையில் வைக்காமல் முதுமையில் வைத்த நூல் அது. பாரதிதாசனும் இதே வழியில் சென்றவர். 1942இல் முதற்பகுதி வெளிவந்த அவருடைய ‘குடும்ப விளக்கு’ ஐந்து பகுதிகளாக வளர்ந்தபோது, கடைசிப் பகுதிக்கு அவர் வைத்த தலைப்பு ‘முதியோர் காதல்’. தொல்காப்பியத்தின் பத்து ஒப்புமைகளில் ஆண்டை மட்டும் உருவி எடுத்து, அதையும் ‘பெண் இளையவளாக இருக்கவேண்டும்’ என்று சுருக்கியது பிற்காலத்தாரின் வேலை.

மலாக்காவுக்குத் தமிழர் வந்தது ரப்பருக்கு நான்கு நூற்றாண்டு முந்தி. சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டைகளோடு வந்த வணிகர், காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் தங்கினர். உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டோரின் வழியினர்தான் மலாக்காச் செட்டிகள். காஜா பெராங் பகுதியில் இன்றும் வாழும் இவர்கள் பேசுவது மலாய். வணங்குவது சிவனையும் மாரியம்மனையும். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. தென்கிழக்காசியத் துறைமுகங்களின் வரலாற்றை எழுதியோர் பலரும் ஒன்றைச் சுட்டுகின்றனர்: அக்காலச் சந்தைகளில் வாங்கல் விற்றலைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் பெண்கள். அயல்நாட்டு வணிகன் மணந்த பெண், மொழியும் விலைவாசியும் ஊர் நடப்பும் தெரிந்தவளாக இருந்தாள். அவனுக்குத் துணைவியாகவும் தொழிற்கூட்டாளியாகவும் நின்றாள். முன்பு ஒருவனோடு வாழ்ந்தவள் என்பது அந்தக் கரையில் இழுக்காகக் கருதப்படவில்லை. மலாக்காவில் வேர்விட்ட பழைய தமிழ்க் குடும்பங்கள் இப்படிப்பட்ட ஒரு சமூகச் சூழலில்தான் உருவாயின.

தோட்டத்துக் கதை வேறு. அதில் இனிமையைவிட வறுமை அதிகம். தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி வழியே ஆள் சேர்த்தபோது முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு 1911இல் ஏறத்தாழ 300 பெண்களே இருந்தனர். 1931இலும் அந்த எண் 500ஐ எட்டவில்லை. போருக்குப் பிந்திய 1947 கணக்கெடுப்பில்தான் 600ஐத் தாண்டியது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில், கப்பலேறுமுன் முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் கணவன் மனைவியென்று சேர்ந்துகொண்டதும் உண்டு. கைம்பெண்களும், கணவனால் கைவிடப்பட்டவர்களும், ஊரில் வாழ வழியற்றவர்களும் இப்படிக் கடல் கடந்தனர். அவர்களுள் பலருக்கு இந்த உறவு முதல் உறவாக இருந்திருக்காது. அதிகாரிகளின் குறிப்புகள் இதை ஒழுக்கக்கேடு என்றே பேசின. வாழ்வு முறிந்த இருவர் மறுபடி வாழ எடுத்த துணிவு அந்தக் குறிப்புகளின் கண்ணில் படவே இல்லை.

பெண்ணின் நிலையை மாற்றியது கூலி. மலாயாவின் சில முக்கிய மாவட்டங்களில் 1920களின் இறுதியில் வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சமமில்லைதான், ஆனாலும் அந்த 40 காசு அவள் பெயரில் எழுதப்பட்டது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து பெயர் கொடுத்து, தனக்குரிய மரவரிசையான நிரையைப் பிடித்து, மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோய் நிற்பவள், ஒருவனை நம்பித்தான் சாப்பிடவேண்டும் என்ற நிலையில் இல்லை. கணவன் இறந்தபின் அவள் இன்னொருவனோடு சேர்ந்தால், அது வயிற்றுக்காக மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. அதில் அவளுடைய விருப்பத்துக்கும் இடம் இருந்தது. காதலில் விருப்பம் என்ற ஒன்றுக்கு மதிப்பு வருவதற்கு முன், வேண்டாம் என்று சொல்லும் வசதி வேண்டும். அந்த வசதியைத் தோட்டத்துப் பெண்ணுக்குத் தந்தது அவளுடைய உழைப்பு.

போர் இந்த உறவுகளைப் பெருக்கியது. 1942–43இல் சயாம்–பர்மா ரயில் பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுபோயினர். காலராவும் பட்டினியும் அடியும் அவர்களுள் பெரும் பகுதியினரைக் காட்டிலேயே புதைத்தன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலுக்குப் பொருளானது இந்தத் துயரம். போனவர் இறந்தாரா, இருக்கிறாரா என்று சொல்ல யாரும் இல்லாத நிலையில் ஆண்டுக்கணக்கில் தாலியோடு காத்திருந்த பெண்கள் தோட்டந்தோறும் இருந்தனர். திரும்பி வந்த ஆண்களில் வீட்டில் மனைவியும் பிள்ளையும் பசியால் செத்திருக்கக் கண்டவர்கள் இருந்தனர். 1945க்குப் பின் லயங்களில் நடந்த மறுமணங்கள் பலவும் இந்த இரு தரப்பாருக்கும் இடையே நடந்தவை. அவர்களில் யாரும் மற்றவருக்குப் பழங்கதையை விளக்கவேண்டியிருக்கவில்லை. இருவரும் ஒரே நெருப்பில் வெந்தவர்கள். மலாயாத் தமிழர் வரலாற்றில் முதிர்ந்த காதலின் மிக உயர்ந்த காலம் எது என்று கேட்டால், இந்தச் சில ஆண்டுகளைத்தான் சொல்லவேண்டும்.

இத்தகைய உறவைத் தோட்டத்து வழக்கில் ‘சேர்த்து வைப்பது’ என்பார்கள். பெரியவர்கள் நாலு பேர் பேசுவார்கள், கோயிலிலோ வீட்டுச் சாமி முன்போ தாலி கட்டுவதுண்டு, மேளதாளம் இராது. தமிழ்நாட்டின் சில சாதியாரிடையே மறுமணத்துக்குரிய தாலிக்கு ‘நடுவீட்டுத் தாலி’ என்ற பெயர் இருந்தது. அறுத்துக் கட்டுவது அவர்களிடம் குலவழக்கு. மறைக்கும் செயல் அல்ல. அந்த வழக்கு கப்பலோடு வந்து லயத்தில் குடியேறியது. பிள்ளைகளோடு வந்த பெண்ணை ஏற்றவனை அந்தப் பிள்ளைகள் ‘சித்தப்பா’ என்று அழைத்தால் போதும்; ‘அப்பா’ என்று அழைக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தாத வீடுகளும் உண்டு. இறந்தவனின் இடத்தை இறந்தவனுக்கே விட்டுவைத்து, வந்தவனுக்கு வேறோர் இடம் தரும் அந்தச் சொல்லில் இருக்கும் நயம், பல குடும்ப ஆலோசனை நூல்களில் இல்லை.

லயத்து வாழ்வுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. பத்து வீட்டுக்கு ஒரு கூரை, தடுப்பு பலகைதான். யார் குடிக்கிறான், யார் மனைவியை அடிக்கிறான், யார் சம்பள நாளில் கடைக் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடும் பெண்ணின் பொறுமையும் கோபமும் பக்கத்து நிரைக்காரனுக்குத் தெரியும். சாதகம் சொல்லாததை வேலைக்காடு சொல்லிவிடும். ஒருவரை இருபதாண்டு பார்த்தபின் வரும் விருப்பத்தில் மயக்கம் குறைவு, மதிப்பு அதிகம்.

ஆயினும் இதைப் பொற்காலமாக வரைவது பொய்யாகும். பெண் குறைவாக இருந்ததால் கங்காணியும் எழுத்தரான கிராணியும் தம் அதிகாரத்தால் பெண்களை வளைத்ததுண்டு. ஒருவன் மனைவியை இன்னொருவன் கூட்டிப்போனதால் வெட்டும் குத்தும் நடந்ததுண்டு. கள்ளுக்கடையும் சம்சு என்னும் சாராயமும் எத்தனையோ இரண்டாம் வாழ்வுகளை முதல் வாழ்வைவிடக் கொடியவையாக்கின. அடிபட்டவர் அனைவரும் பக்குவப்பட்டுவிடுவதில்லை. சிலர் தாம் பட்ட அடியை அடுத்தவருக்குக் கொடுக்கவே கற்கிறார்கள். ஒருவர் பட்ட துன்பம் எவ்வளவு என்பதை வைத்து அவரை மதிப்பிட முடியாது. அந்தத் துன்பத்தைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார், முந்தைய துணையைப் பற்றி எந்தச் சொல்லில் நினைவுகூர்கிறார் என்பதே நல்ல அளவுநாடா.

சீர்திருத்த இயக்கம் இந்த வழக்கத்துக்குக் கொள்கை வலிமை தந்தது. பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்தார். 1954இல் மீண்டும் வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ம் சீர்திருத்தத் திருமணத்தையும் கைம்பெண் மறுமணத்தையும் தொடர்ந்து பரப்பின. தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடியாக ஒரு மணம் உண்டு. மருத்துவர் முத்துலட்சுமி 1914இல், 28ஆம் வயதில், சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற உறுதியைப் பெற்ற பிறகே இசைந்தார். பன்னிரண்டிலும் பதினான்கிலும் பெண்களைக் கட்டிக்கொடுத்த காலம் அது. 28 வயதுப் பெண் நிபந்தனை வைக்கிறாள் என்பதும், ஓர் ஆண் அதை மகிழ்ந்து ஏற்கிறான் என்பதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பாதிகள். பிந்திய பாதியையும் வரலாறு போற்றவேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், நிலம் வீடமைப்புக்கு மாறியும் மலாக்காத் தமிழர் நகரங்களுக்கு நகர்ந்தனர். பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் தொழிற்பேட்டைகள் 1970களிலிருந்து தோட்டத்துப் பெண்களை வேலைக்கு ஈர்த்தன. வேலைக்குப் போன பெண் தாமதமாக மணந்தாள். 1947இல் மலாயா இந்தியப் பெண்ணின் சராசரித் திருமண வயது 18ஐ ஒட்டி இருந்தது. 2010 கணக்கெடுப்பில் மலேசியப் பெண்களின் சராசரி 25.7, ஆண்களின் சராசரி 28.0. வயது ஏறிற்று; மதிப்பீடு ஏறவில்லை. முப்பதைத் தாண்டிய பெண்ணை ‘முதிர்கன்னி’ என்று கூசாமல் சொல்லும் பழக்கம் மண்டபத்துப் பந்திகளில் இன்னும் இருக்கிறது. மூத்த மகள் சம்பளத்தில் படித்து முடித்த தம்பிக்கு முதலில் பெண் பார்த்துவிட்டு, மூத்தவளுக்கு ‘காலம் கடந்துவிட்டது’ என்று சொல்லும் குடும்பம் அவளுக்குச் செய்வது அநீதி. தானே சம்பாதித்து, ஒரு வீட்டை நடத்தி, பெற்றோரைப் பேணியவள் திருமணத்துக்குக் கொண்டுவருவது நகையினும் பெரிய சீர்.

ஆண் மூத்தவனாக இருந்தால் கேள்வி இல்லை, பெண் மூத்தவளாக இருந்தால் சாதகம் சேராது என்பதும் இவ்வகையே. மனைவியை இழந்த ஐம்பது வயது ஆணுக்கு ஆண்டு திரும்புமுன் உறவினர் பெண் தேடுகிறார்கள். அதே வயதில் கணவனை இழந்தவளுக்குப் பேரப்பிள்ளைகளைக் காட்டுகிறார்கள். தோட்டத்துப் பாட்டி பெற்றிருந்த உரிமை நகரத்துப் பேத்திக்கு மறுக்கப்படுகிறது என்றால், படிப்பும் காரும் வந்த வீட்டிலிருந்து வேறேதோ வெளியேறிவிட்டது.

சட்டம் இவ்விடத்தில் சமூகத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாருக்கு நடைமுறைக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதையும் கட்டாயப் பதிவையும் அது நிலைநாட்டியது. 21 வயது நிறையாதவர் மணக்கப் பெற்றோர் இசைவு வேண்டும் என்று கூறும் அந்தச் சட்டமே, கணவனையோ மனைவியையோ இழந்தவரை 21க்குக் கீழிருந்தாலும் ‘வயது நிறையாதவர்’ என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. துணையை இழந்த துயரம் ஒருவரைப் பெரியவராக்கிவிடுகிறது என்பதைச் சட்டத்தின் வறண்ட மொழியும் ஒப்புக்கொள்கிறது. மணவிலக்கானவர் இறுதி ஆணை வந்தபின்னரே மறுபடி மணக்கலாம்.

பழைய தோட்டப் பழக்கம் இங்கேதான் இடறுகிறது. கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊர் பார்த்தது, இந்த வயதில் பதிவு எதற்கு என்று விடுபவர்கள் உண்டு. பதிவு இல்லாத துணைக்குச் சொத்துரிமை இல்லை. பதிவான துணைக்கோ, உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, அவருடைய பெற்றோரும் இல்லாத நிலையில், மூன்றில் ஒரு பங்கு உரியது. மீதி இரு பங்கு இறந்தவரின் பிள்ளைகளுக்கு. துணை முன்மணத்தில் பெற்ற பிள்ளைகள் இதில் சேர மாட்டார்கள். அவர்களுக்கு ஏதேனும் தரவேண்டுமானால் உயில் எழுதவேண்டும். திருமணத்துக்கு முன் எழுதிய உயில், அந்தத் திருமணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டதாக இல்லாவிட்டால், மணந்ததுமே செல்லாததாகிவிடும். ஊழியர் சேம நிதியில் கொடுத்த பெயர் நியமனம் அப்படித் தானாக மாறுவதில்லை. எழுதப்பட்டவர் உயிரோடு இருந்தால், முதல் மணத்தில் எழுதிய பெயரே நிற்கும். பட்டறிந்தவர் காதலிக்கும்போது பேசவேண்டியவை இவையும்தான். பணத்தைப் பற்றிப் பேசினால் காதல் குறையும் என்று நினைப்பது இருபது வயதுக்குரியது. நாற்பத்தைந்தில், ‘நான் போனபின் நீ இந்த வீட்டில் இருக்கவேண்டும்’ என்று சொல்லி ஒருவர் எழுதித்தரும் தாளைவிட இனிய காதல் கடிதம் கிடைப்பது அரிது.

முதிர்ந்த உறவின் உள்ளியல்பும் இளமை உறவிலிருந்து சற்று மாறுபட்டது. இளையவர் காதலில் எதிர்காலம் பெரியது. ஒருவர் என்ன ஆவார் என்ற நம்பிக்கையின்மேல் அது நிற்கிறது. முதிர்ந்தவர் காதலில் ஒருவர் யார் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. சமையலில் உப்பு எவ்வளவு, சாமி கும்பிடுவது எப்படி, ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்குப் போவது என்ற பழக்கங்கள் வேர்பிடித்திருக்கும். திருத்திவிடலாம் என்ற எண்ணத்தோடு நுழைபவர் தோற்பார். சண்டையில் சொல்லக்கூடாத சொல் எது என்பதை அறிந்திருப்பதே இவ்வயதின் பெரிய செல்வம். அந்த அறிவு பெரும்பாலும் அதை ஒருமுறை சொல்லி, ஒன்றை இழந்து பெற்றது. இறந்துபோன முதல் துணையின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லாதவரும், திதியன்று தாமே படையலுக்கு இலை போடுபவரும் பக்குவத்தின் முழு அளவை எட்டியவர்கள்.

கடைசித் தடை பெரும்பாலும் பிள்ளைகள். ஜாசினிலோ மெர்லிமாவிலோ தனியாக இருக்கும் தாய்க்கு மாதம் பணம் அனுப்பிவிட்டு, கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று ஏராளம். பாசம் குறைந்தவர்கள் அல்ல. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும், சொத்து பிரிந்துவிடுமோ என்ற கணக்கும், அம்மா அம்மாவாகவே இருக்கவேண்டும் என்ற ஆசையும் அவர்களைத் தடுக்கின்றன. சொத்துக்கு உயில் இருக்கிறது. ஊருக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. மூன்றாவது ஆசைக்குத்தான் மருந்து வேறெங்கும் இல்லை. பிள்ளைகளே அதைக் கைவிடவேண்டும். தாயோ தந்தையோ ஒருநாள் தயங்கித் தயங்கி ஒருவர் பெயரைச் சொன்னால், பிள்ளைகள் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பேச்சு முடியும்வரை உட்கார்ந்து கேட்கட்டும்.